மைக் வெப்ஸ்டர்

மைக்கேல் லூயிஸ் வெப்ஸ்டர் (1952 மார்ச் 18 – 2002 செப்டம்பர் 24) ஓர் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர். மைக் வெப்ஸ்டர் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இவர், என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்து லீக்கில் 1974 முதல் 1990 வரை 17 பருவங்கள் தாக்குதல் வரிசையின் மைய ஆட்டக்காரராக ஆடினார். இவற்றில் முதல் 15 பருவங்கள் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காகவும் கடைசி இரண்டு பருவங்கள் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்காகவும் ஆடியவை. ஸ்டீலர்ஸ் அணி நான்கு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்றபோது அணியில் இடம்பெற்றிருந்தார். உடல் உறுதிக்காக ரசிகர்கள் இவரை 'இரும்பு மைக்' என்று அழைத்தனர்.

50-ஆவது வயதில் இவர் இறந்த பின், இவரது மூளையில் நடத்தப்பட்ட ஆய்வு விளையாட்டு மருத்துவத்தில் ஒரு திருப்பமாக அமைந்தது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் உண்டாகும் நாட்பட்ட மூளைச் சிதைவு நோய் என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அந்நோய் சுருக்கமாக சி.டி.இ. எனப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

வெப்ஸ்டர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள டோமஹாக் என்ற சிற்றூரில் பிறந்தார். உருளைக்கிழங்கு பயிரிடும் 640 ஏக்கர் பண்ணையில் வளர்ந்தார். சிறுவயது முதலே பண்ணை வேலைகளில் ஈடுபட்டதால் உழைப்புக்குப் பழகிய உடல் அவருக்கு அமைந்தது. ரைன்லேண்டர் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது காற்பந்தாட்டத்தில் சேர்ந்தார். பின்னர் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் மைய ஆட்டக்காரராக ஆடிச் சிறந்து விளங்கினார்.

ஆனால் தொழில்முறை அணிகள் அவரைத் தேர்ந்தெடுக்கத் தயங்கின. வெப்ஸ்டரின் உயரம் சுமார் 185 செ.மீ., எடை சுமார் 116 கிலோ. சாதாரண மனிதருக்கு இது பெரிய உடல்தான் என்றாலும் தாக்குதல் வரிசையில் நிற்பவருக்குச் சிறியது என்றே கருதப்பட்டது. 1974-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் தேர்வில் ஐந்தாவது சுற்று வரை அவர் பெயர் அழைக்கப்படவில்லை. 125-ஆவது ஆளாக ஸ்டீலர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதே தேர்வில் அந்த அணி லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த் ஆகியோரையும் எடுத்தது. இந்த நால்வருமே பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே ஆண்டில் ஓர் அணி செய்த மிகச் சிறந்த தேர்வு என்று இது இன்றும் பேசப்படுகிறது.

மைய ஆட்டக்காரரின் பணி

வெப்ஸ்டரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அவர் ஆடிய இடத்தைப் புரிந்துகொள்வது அவசியம். அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் பெயரில் 'கால்' இருந்தாலும், பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

பந்தை வைத்திருக்கும் அணியின் முன்னணியில் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பர். இதுவே தாக்குதல் வரிசை. நடுவில் நிற்பவர் மைய ஆட்டக்காரர். ஆங்கிலத்தில் சென்டர் என்பர். அவருக்கு இருபுறமும் கார்டு என்னும் இருவரும், அவர்களை அடுத்து டேக்கில் என்னும் இருவரும் நிற்பர். பெயரில் 'தாக்குதல்' இருந்தாலும் இவர்கள் வழக்கமாகப் பந்தை ஏந்துவதில்லை. தம் அணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக்கையும் பந்தோடு ஓடுபவரையும் எதிரணியினர் நெருங்கவிடாமல் தடுப்பதே இவர்கள் வேலை.

மைய ஆட்டக்காரருக்கு மூன்று கூடுதல் பொறுப்புகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கிவைப்பது. குனிந்து, பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் கொடுப்பார். இரண்டாவது, எதிரணி எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் அளந்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று தன் வரிசைக்குக் குரல் கொடுப்பது. மூன்றாவதே கடினமானது. பந்தைக் கைவிட்ட அதே நொடியில், ஒரு முழ தூரத்தில் எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரரின் மோதலைத் தாங்க வேண்டும். ஒரு கை பந்தோடு பின்னே போயிருக்கும்; தலை முன்னே இருக்கும். முதல் அடி பெரும்பாலும் தலையில்தான் விழும்.

வெப்ஸ்டர் ஆடவந்த காலத்து விதிகள் இந்த நிலையை மேலும் கடினமாக்கின. எதிராளியின் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அறைவது 1977-இல்தான் தடைசெய்யப்பட்டது. பந்தெறியும் முயற்சியின்போது தாக்குதல் வரிசையினர் கைகளை நீட்டி, விரல்களை விரித்துத் தடுக்கலாம் என்ற விதி 1978-இல் வந்தது. அதற்கு முன் கைகளை மார்போடு ஒட்டியே வைத்திருக்க வேண்டியிருந்ததால், தலையும் தோளுமே தடுக்கும் கருவிகளாயின.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவர் கண்கள் பந்தைத் தொடர்ந்து போவதால், இந்த மோதல்கள் கவனத்துக்கு வருவதில்லை. ஓடியவருக்கு இத்தனை கஜம், எறிந்தவருக்கு இத்தனை கஜம் என்று கணக்கு எழுதப்படும். தடுத்தவருக்கு அப்படி எழுத எதுவும் இல்லை. அவர் தவறு செய்தால் மட்டுமே அவரது எண் அரங்கில் அறிவிக்கப்படும்.

பிட்ஸ்பர்க் ஆண்டுகள்

முதல் இரண்டு பருவங்களில் வெப்ஸ்டர் மூத்த ஆட்டக்காரரான ரே மான்ஸ்ஃபீல்டுடன் மைய இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1975 பருவத்தின் இறுதியிலிருந்து அந்த இடம் அவருடையதாயிற்று. அதிலிருந்து 1985 பருவம் முடியும் வரை தொடர்ச்சியாக 150 போட்டிகளில் தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கினார். மாற்று ஆட்டக்காரராக ஆடியவற்றையும் சேர்த்தால் அணியில் சேர்ந்த நாள் முதல் 177 போட்டிகளை அவர் தவறவிடவில்லை. 1986-இல் முழங்கை மூட்டு விலகியதால் நான்கு போட்டிகளில் ஆட முடியாமல் போனபோதுதான் இந்தத் தொடர் அறுந்தது.

பயிற்சியாளர் சக் நோல் வகுத்த ஆட்டமுறைக்கு வெப்ஸ்டர் பொருத்தமாக அமைந்தார். எதிராளி ஒருவரை வேண்டுமென்றே உள்ளே வரவிட்டு, பக்கவாட்டிலிருந்து வந்து மோதி அகற்றும் உத்தியை நோல் பெரிதும் நம்பினார். இதற்குப் பருமனைவிட வேகமும் கால் நிதானமும் முக்கியம். எடையில் குறைந்த வெப்ஸ்டர் தாழ்ந்து பாய்ந்து, தன்னைவிடப் பெரியவர்களின் சமநிலையைக் குலைத்தார். எடைதூக்கும் பயிற்சியிலும் எதிரணியினரின் பழைய ஆட்டப் படச்சுருள்களைப் பார்த்துப் படிப்பதிலும் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிட்டார். உறைபனி பெய்யும் நாட்களிலும் சட்டைக் கைகளைத் தோள்வரை சுருட்டிவிட்டு, வெறுங்கைகளோடு களமிறங்குவது அவரது அடையாளமாகிவிட்டது.

அவர் இடம்பெற்ற ஸ்டீலர்ஸ் அணி 1974, 1975, 1978, 1979 ஆகிய பருவங்களுக்கான சூப்பர் பௌல் போட்டிகளில் முறையே மினசோட்டா வைக்கிங்ஸ், டல்லஸ் கௌபாய்ஸ், மீண்டும் டல்லஸ் கௌபாய்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஆகிய அணிகளை வென்றது. அந்த வெற்றிகளில் குவாட்டர்பேக் டெர்ரி பிராட்ஷாவும் பந்தேந்தி ஓடிய ஃபிராங்கோ ஹாரிஸும் பெரும்புகழ் பெற்றனர். பிராட்ஷாவுக்குப் பந்தெறிய நேரத்தையும் ஹாரிஸுக்கு ஓட வழியையும் உண்டாக்கித் தந்தது வெப்ஸ்டர் நடுவில் நின்ற வரிசை.

வெப்ஸ்டர் ஒன்பது முறை அனைத்து நட்சத்திரப் போட்டியான புரோ பௌலுக்குத் தேர்வானார். 1980-களில் உடன் ஆடிய பலர் ஓய்வுபெற்று அணி வலுவிழந்த பிறகும் அவர் தொடர்ந்தார். 1988 பருவத்துடன் ஸ்டீலர்ஸில் அவரது காலம் முடிந்தது. அந்த அணிக்காக அவர் ஆடிய 220 போட்டிகள் நெடுங்காலம் அணியின் சாதனையாக இருந்தன.

கான்சாஸ் சிட்டியும் ஓய்வும்

1989-இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரைத் தாக்குதல் வரிசையின் பயிற்சியாளராக அழைத்தது. ஆனால் அவர் மீண்டும் ஆட்டக்காரராகவே களத்துக்குத் திரும்பி, மேலும் இரண்டு பருவங்கள் ஆடினார். 1990 பருவத்துக்குப் பின் ஓய்வுபெற்றபோது ஆடிய மொத்தப் போட்டிகள் 245. ஸ்டீலர்ஸின் நான்கு கோப்பை வெற்றிகளிலும் இடம்பெற்றவர்களுள் கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தவர் அவரே.

ஒரு போட்டியில் ஓர் அணிக்குச் சராசரியாக 60 முதல் 70 முயற்சிகள் வரும். தொடர்ச்சியாக ஆடிய 150 போட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, போட்டிக்கு 60 மோதல் என்று குறைவாகவே கணக்கிட்டாலும் 9,000 மோதல்கள் ஆகின்றன. வாராந்திரப் பயிற்சிகளில் பட்டவை இதில் சேரவில்லை. அவற்றில் ஒன்றிரண்டு அடிகள் மயக்கம் தரக்கூடியவையாக இருந்திருக்கலாம். மற்றவை அடுத்த முயற்சிக்கு எழுந்து நிற்கத் தடையாகாதவை. எந்தக் காய அறிக்கையிலும் பதிவாகாத இந்தச் சிறு அடிகளின் தொகையே பின்னாளைய ஆய்வுகளில் முக்கிய இடம் பெற்றது.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை

ஆட்டத்தை விட்ட சில ஆண்டுகளிலேயே வெப்ஸ்டரிடம் மாற்றங்கள் தென்பட்டன. நினைவு தடுமாறியது. தொடங்கிய பேச்சை முடிக்க முடியாமல் தவித்தார். மனச்சோர்வும் திடீர்க் கோபமும் மாறிமாறி வந்தன. முதுகு, முழங்கால், கை, கால் என உடலெங்கும் ஓயாத வலி இருந்தது. முதலீடுகளில் பணம் கரைந்தது. குடும்ப வாழ்க்கையும் முறிந்தது.

நான்கு கோப்பைகளை வென்ற அணியின் வீரர், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்திலும் தன் சரக்கு வண்டியிலும் இரவுகளைக் கழித்தார். வலியால் உறக்கம் வராத நாட்களில் மின்னதிர்ச்சிக் கருவியால் தன்னை மயக்கமுறச் செய்யும்படி உடனிருந்தவர்களைக் கேட்டுக்கொண்டதாக அவருக்கு நெருக்கமானவர்கள் கூறியுள்ளனர். ஸ்டீலர்ஸின் உரிமையாளர் டான் ரூனி சில காலம் அவருக்கு விடுதி அறை ஏற்பாடு செய்தார். உதவ முன்வந்த நண்பர்களும் இருந்தனர். ஆனால் நோய் என்னவென்று தெரியாத நிலையில், அவர் மாறிவிட்டார் என்று மட்டுமே மற்றவர்களால் சொல்ல முடிந்தது.

1997 ஜூலை 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரிலுள்ள காற்பந்துப் புகழ் மண்டபத்தில் வெப்ஸ்டர் சேர்க்கப்பட்டார். அவரை அறிமுகப்படுத்திய பிராட்ஷா, பழைய நாட்களைப் போல மேடையிலேயே அவரிடமிருந்து ஒருமுறை பந்தைப் பெற்றுக்கொண்டார். கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் வெப்ஸ்டரின் ஏற்புரை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி நீண்டுகொண்டே போனது. அவர் நலமாக இல்லை என்பது அன்று பலருக்கும் தெரிந்தது.

1999-இல், கவனக்குறைவு நோய்க்குத் தரப்படும் ரிட்டலின் மாத்திரைகளைப் பெறுவதற்காக மருந்துச் சீட்டுகளைப் போலியாகத் தயாரித்ததாக அவர் மீது வழக்கு பதிவானது. குற்றச்சாட்டை எதிர்த்து அவர் வாதாடவில்லை. ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்கு

வழக்கறிஞர் பாப் ஃபிட்ஸ்சிமன்ஸ் துணையுடன் வெப்ஸ்டர் என்.எஃப்.எல். ஆட்டக்காரர் ஓய்வூதியக் குழுவிடம் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்தார். மருத்துவர்கள் பலர் அவரைப் பரிசோதித்தனர். குழுவே அனுப்பிய மருத்துவரும் அவர்களுள் ஒருவர். காற்பந்தாட்டத்தில் தலையில் பட்ட அடிகளே அவரது மூளைப் பாதிப்புக்குக் காரணம் என்று அவர்கள் முடிவு கூறினர். 1999-இல் குழு அவரை முழுமையாகவும் நிரந்தரமாகவும் செயலிழந்தவர் என்று ஏற்றது.

எனினும் அவர் எப்போது செயலிழந்தார் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆடும் காலத்திலோ அதை அடுத்தோ செயலிழந்தவர்களுக்கு உயர்ந்த தொகையும், பல ஆண்டுகள் கழித்துச் செயலிழந்தவர்களுக்குக் குறைந்த தொகையும் என்று திட்டத்தில் இரு பிரிவுகள் இருந்தன. வெப்ஸ்டர் 1996-க்குப் பிறகே செயலிழந்தார் என்று குழு வைத்துக் குறைந்த தொகையையே அளித்தது. ஓய்வுபெற்ற 1991-ஆம் ஆண்டிலேயே அவர் செயலிழந்துவிட்டார் என்பது அவரது தரப்பு. வழக்கு முடிவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2005-இல் பால்டிமோரிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் அவரது வாரிசுகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வட்டியும் செலவும் சேர்த்து 15 லட்சம் டாலருக்கு மேல் அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் இன்னொரு வகையிலும் முக்கியமானவை. காற்பந்தாட்டம் மூளையை நிரந்தரமாகப் பாதிக்கும் என்பதை லீக் பொதுவெளியில் மறுத்துவந்த காலத்தில், லீக்குடன் தொடர்புடைய ஓய்வூதியக் குழு ஓர் ஆட்டக்காரர் விஷயத்தில் அதையே எழுத்தில் ஏற்றிருந்தது.

மரணமும் மூளை ஆய்வும்

2002 செப்டம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் மருத்துவமனை ஒன்றில் மாரடைப்பால் வெப்ஸ்டர் இறந்தார். அவரது உடல் அலெகனி வட்டார மரண விசாரணை அலுவலகத்துக்கு வந்தது. அங்கு பணியில் இருந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு நைஜீரியாவில் பிறந்தவர், காற்பந்தாட்டத்தில் ஈடுபாடில்லாதவர். வெப்ஸ்டர் யார் என்பதே அவருக்குத் தெரியாது.

மாரடைப்பால் இறந்தவரின் மூளையை விரிவாக ஆராய வேண்டிய கட்டாயம் இல்லை. மேலும், வெளித்தோற்றத்தில் அந்த மூளை இயல்பாகவே இருந்தது. ஆனால் இறந்தவரின் கடைசி ஆண்டுகளைப் பற்றி அறிந்த ஒமாலு, மூளையைப் பாதுகாத்து நுண்ணோக்கி ஆய்வுக்கு உட்படுத்தினார். மெல்லிய சீவல்களில் டௌ என்னும் புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருப்பது தெரிந்தது. மூளை நரம்பணுக்களின் உள்கட்டமைப்பைத் தாங்கிநிற்க உதவும் புரதம் இது. அடிபட்ட அணுக்களில் இது பிரிந்து, முறுக்கிக்கொண்டு, சிக்கலான முடிச்சுகளாகத் திரளும். அணுக்கள் மெல்லச் செயலிழக்கும். அந்த அணுக்கள் உள்ள பகுதியைப் பொறுத்து நினைவும் குணமும் தீர்மானிக்கும் திறனும் கெடும்.

குத்துச்சண்டை வீரர்களிடம் இத்தகைய பாதிப்பு உண்டாவதை மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். தலைக்கவசம் அணிந்து ஆடும் காற்பந்தாட்டத்தில் அதை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கவசம் மண்டையோட்டைத்தான் காக்கிறது. வேகமாகச் செல்லும் தலை திடீரென நிற்கும்போது உள்ளே இருக்கும் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

ஒமாலுவும் உடன் பணியாற்றியோரும் எழுதிய கட்டுரை 2005 ஜூலையில் 'நியூரோசர்ஜரி' ஆய்விதழில் வெளியானது. லீக் அமைத்திருந்த மூளை அதிர்ச்சிக் குழுவின் உறுப்பினர்கள் மூவர், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்கு எழுதினர். இதழ் திரும்பப் பெறவில்லை. 2006-இல் ஒமாலுவின் இரண்டாவது கட்டுரை வந்தது. அது வெப்ஸ்டரோடு ஸ்டீலர்ஸின் அதே தாக்குதல் வரிசையில் நின்ற டெர்ரி லாங் பற்றியது. அவரது மூளையிலும் சி.டி.இ. இருந்தது.

பின்விளைவுகள்

2009 டிசம்பரில் லீக்கின் செய்தித் தொடர்பாளர், மூளை அதிர்ச்சிகளால் நீண்டகாலப் பாதிப்பு வரக்கூடும் என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டார். மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்தவர் அதே நாளில் மீண்டும் ஆடக்கூடாது என்ற விதி வந்தது. 2011-இல் ஆட்டக்காரர் சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்தில், பருவம் நடக்கும்போது முழுக் கவசத்துடன் மோதும் பயிற்சிகள் 14 ஆகக் குறைக்கப்பட்டன. பள்ளி மாணவர்களைக் காக்கும் சட்டம் 2009-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி 2014-க்குள் 50 மாநிலங்களிலும் வந்தது.

4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடர்ந்த வழக்கில் லீக் 2013-இல் 76.5 கோடி டாலர் தர இசைந்தது. அந்த உச்சவரம்பு போதாது என்று நீதிபதி ஏற்க மறுக்கவே, வரம்பில்லாத உடன்பாடாக அது மாற்றப்பட்டு 2015-இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் 2006 ஜனவரி 1-க்கு முன் இறந்தவர்களின் குடும்பங்கள், தங்கள் கோரிக்கை காலம் கடந்ததல்ல என்று நிறுவினால்தான் அதில் சேர முடியும். இந்த உடன்பாட்டுக்கு வழிதிறந்த வெப்ஸ்டர் இறந்தது 2002-இல்.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு வெளியிட்ட ஆய்வில், தானமாகப் பெறப்பட்ட 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர் மூளைகளுள் 110-இல் சி.டி.இ. காணப்பட்டது. நோய் அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்வதால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது என ஆய்வாளர்களே குறிப்பிட்டுள்ளனர். நோயை உறுதிசெய்ய இறப்புக்குப் பிந்தைய மூளை ஆய்வே வழி என்பதால், உயிரோடிருப்பவர்களுள் எத்தனை பேருக்கு அது உள்ளது என்று எண்ண இயலாது.

நினைவும் பெருமைகளும்

1994-இல் லீக்கின் 75-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட எக்காலத்துக்குமான அணியிலும், 2019-இல் 100-ஆம் ஆண்டை ஒட்டிய அணியிலும் மைய ஆட்டக்காரராக வெப்ஸ்டரின் பெயர் இடம்பெற்றது. அவரது கதையையும் மூளை ஆய்வின் வரலாற்றையும் 'லீக் ஆஃப் டினையல்' என்ற 2013-ஆம் ஆண்டு நூலும், அதே பெயரிலான தொலைக்காட்சி ஆவணப்படமும் விரிவாகக் கூறுகின்றன. 2015-இல் வெளிவந்த 'கன்கஷன்' திரைப்படத்தில் ஒமாலுவாக வில் ஸ்மித்தும் வெப்ஸ்டராக டேவிட் மோர்ஸும் நடித்தனர்.

ஸ்டீலர்ஸ் அணியில் அவர் அணிந்த சட்டை எண் 52. அந்த எண்ணுக்கு முறைப்படி ஓய்வு அறிவிக்கப்படவில்லை. ஆயினும் 1988-க்குப் பிறகு அந்த அணி அதை வேறு எவருக்கும் கொடுத்ததில்லை.